ஆமி என்ற நபர்

நவம்பர் 14, வியாழன்

விடிந்ததில் இருந்து மழை. அகதி முகாம் கூரை மூன்று இடத்தில் ஒழுகல். ஒரு சட்டி, ஒரு வாளி, பவளக்காவின் ரொட்டிக் கல். ரொட்டிக் கல்லில் தண்ணீர் நிற்காது என்று பக்கத்துத் தடுப்பில் இருக்கும் அந்த மனுசிக்குச் சொல்லிப் பயனில்லை.

இவரை, என் மனுசனை, கூட்டிப்போய் இன்றோடு நாலு நாள். தீபாவளிக்கு முதல் நாள் சாயந்தரம், 'சும்மா விசாரிக்கத்தான்' என்று போலீஸ் ஜீப்பில் ஏற்றினார்கள். சும்மா என்ற சொல் இவ்வளவு நீளமானது என்று இங்கே வந்துதான் படித்தேன்.

காலை முகாமைப் பார்க்கும் அதிகாரி ஆர்.ஐ.யிடம் துண்டுச் சீட்டு வாங்கினேன். அது இல்லாமல் முகாம் கேட்டைத் தாண்டக் கூடாது. மதியம் இரண்டு மணி வரை அனுமதி. ஸ்டேஷன் வாசலில் ஒரு மணி நேரம். பிறகு ரைட்டர் உள்ளே கூப்பிட்டார். நல்ல மாதிரிதான். 'உக்காரும்மா' என்றார். காகிதக் கட்டைத் திறந்து வாசித்தார்.

'மேற்படி நபர், சைக்கிள் கடை ஏழுமலையிடம், தான் ஆமி என்ற நபருடன் சேர்ந்து வெடி வைத்தபோது காலில் பட்டுக் காயம் ஏற்பட்டதாகக் கூறியுள்ளார். ஆமி, வயது தெரியவில்லை, தலைமறைவு.'

"அந்த ஆமி எங்க கீறான்னு உன் வூட்டுக்காரரச் சொல்லச் சொல்லும்மா. சொல்லிட்டா வுட்ருவாங்க."

முதலில் எனக்கு விளங்கவில்லை. விளங்கியதும் சிரித்துவிட்டேன். ஸ்டேஷனில் சிரிக்கக் கூடாது.

"ஆமி எண்டால் ஆள் இல்லை, சேர். பட்டாளம்."

"பட்டாளமா?" ரைட்டர் பேனாவை எடுத்தார். "எத்தினி பேரு?"

அதோடு வாயை மூடிக்கொண்டேன். நான் திறக்கத் திறக்க இவர் மேல் ஆள் கூடிக்கொண்டே போகும்.

இவர் சொன்னது ஒரே வரி. எனக்குத் தெரியும், யார் கேட்டாலும் அதே வரிதான். 'ஆமி வெடி வைச்சது, காலில பட்டுது.' எங்கள் மன்னாரில் ஆமி என்றால் ராணுவம். வெடி வைப்பது என்றால் சுடுவது. ராணுவம் சுட்டது, காலில் பட்டது, அவ்வளவு. இந்த ஊரில் ராணுவத்துக்குப் பேர் மிலிட்டரி. வெடி என்றால் தீபாவளிக்கு வாங்குவது, இல்லாவிட்டால் குண்டு. ஆக, சுடப்பட்டவர் குண்டு வைத்தவர் ஆனார். சுட்டவன் அவருக்குக் கூட்டாளி ஆனான். இப்போது அந்தக் கூட்டாளியைக் கொண்டு வந்து ஒப்படைக்க வேண்டுமாம்.

திரும்பும் வழியில் சைக்கிள் கடை. இவர் நாலு மாதம் பஞ்சர் ஒட்டி, சக்கரக் கோட்டம் எடுத்த கடை. ஏழுமலை வாசலில் நின்று யாரோ ஒருவருக்கு இரண்டு கையையும் அகல விரித்துக் காட்டிக்கொண்டிருந்தான். "குண்டு இம்மாம் பெரிசு இருக்கும்போல. நாந்தான் புடிச்சுக் குடுத்தேன். நைசாப் பேசிக்கினே கறந்துட்டேன் வார்த்தைய."

கறந்தானாம். மாடு இவர்தான் போல.

என்னைப் பார்த்ததும் கையை மடக்கிப் பின்னால் கட்டிக்கொண்டான். இனி இந்த நோட்டில் அவன் பேர் ஏ. அதற்கு மேல் மை செலவழிக்க மாட்டேன்.


நவம்பர் 15, வெள்ளி

மழை விட்டது. துணி காயவில்லை.

டாக்கீஸ் வேலை. இடைவேளையில் திரையில் காட்டும் விளம்பர சிலைடுகளை எழுதுவது நான்தான். மன்னாரில் சித்திர டீச்சர், திண்டிவனத்தில் சிலைடு டீச்சர். கண்ணாடித் துண்டில் கறுப்பு மை பூசி, காய்ந்ததும் ஊசியால் சுரண்டி எழுத வேண்டும். சுரண்டிய இடத்தால் வெளிச்சம் போகும். விரல் அளவு எழுத்து திரையில் ஆள் உயரம் நிற்கும்.

இன்று எழுதியவை: விதைக் கடை. பாத்திரக் கடை. 'முன் இருக்கையில் கால் வைக்காதீர்.' இந்தக் கடைசி சிலைடை மாதம் ஒரு தரம் புதிதாய் எழுதுகிறேன். கால்கள் இன்னும் அங்கேதான்.

குழாயடியில் இன்று காதில் விழுந்தவை:

1. முகாமில் எங்களுக்குத் தினம் கோழிக் குழம்பு. (வந்தால் எனக்கும் சொல்லி அனுப்பவும்.)
2. ஆளுக்கு ஒரு பொட்டலம் தங்கம் கொண்டு வந்திருக்கிறோம். (படகுக்காரன் என் தோட்டைக் கழற்றச் சொன்னது இவர்களுக்கு எப்படித் தெரியும்.)
3. நாங்கள் வந்த பிறகு இந்த ஊர் ஆட்களுக்கு வேலை இல்லை. (வானூர்ப் பக்கம் கட்டட வேலைக்கு எங்கள் ஆட்களை அரைக் கூலிக்குக் கூட்டிப் போவது யாராம்?)
4. புதிது: முகாம் இருக்கும் குடோனுக்கு அடியில் வெடி புதைத்திருக்கிறோம். (தரை சிமெண்ட். என்னிடம் இருப்பது ரொட்டிக் கல்.)

நாலாவது ஏ. கடையில் முளைத்தது. இரண்டு நாளில் குழாயடி வரை கிளை விட்டாயிற்று.

எழுதியே ஆக வேண்டும். அவனைப் பிடித்து உலுக்க வேண்டும். அவன் கடை வாசலில் நின்று கத்த வேண்டும். கத்தினால் என்ன நடக்கும்? 'அகதிப் பொம்பளை கத்துறா' என்று இன்னொரு கதை. என் கையில் கத்தி இல்லை, ஊசிதான் இருக்கிறது.

மத்தியானம் மேனேஜர் பாயிடம் கேட்டேன். "ஒரு சிலைடு. எனக்கு. இலவசம். எங்கட ஊர்ச் சொல் ஒண்டு, அதுக்கு உங்கட ஊர் அர்த்தம். ஒவ்வொரு நாளும்."

பாய் தாடியைச் சொறிந்தார். "ஜனங்க சிரிச்சா போட்டுக்கோங்க டீச்சரம்மா. அழ வெச்சிடாதீங்க. அழுதா சோடா விக்காது, எனக்குப் பேஜாரு."

முதல் சிலைடு, இன்றைய மேட்னி:

'கதைத்தல்: பேசுதல். கதை விடுதல் அல்ல.'

ஆப்பரேட்டர் கண்ணாடியைத் திருப்பிப் போட்டுவிட்டார். எழுத்தெல்லாம் முகக் கண்ணாடியில் பார்த்த மாதிரி. ஒரே விசில். பெண்கள் பக்கம் பெஞ்சில் நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். சரியாகப் போட்டதும் முன் வரிசையில் யாரோ உரக்க வாசித்தான். "டேய், கதைக்காதடா" என்று பக்கத்தில் இருந்தவன் முதுகில் அடித்தான். அரங்கு முழுக்கச் சிரிப்பு.

ஐந்து நாளில் முதன்முறை இன்று சோறு இறங்கியது.


நவம்பர் 16, சனி

வெயில். கூட்டம் நல்லது.

'பேசுதல்: திட்டுதல். உதாரணம்: சைக்கிள் கடைக்காரரை அவர் மனைவி தினமும் பேசுகிறார்.'

பாய் அறையில் வைத்தே வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "சைக்கிள் கடைன்னா நம்ம ஏழுமலையா?"

"பேர் போடேல்லையே."

"ஊர்ல இருக்கறதே ரெண்டு கடை. ஒன்னுத்துல ஓனருக்கு இன்னும் கண்ணாலமே ஆவல." சிரித்தார். சிலைடைத் தடுக்கவில்லை.

சாயந்தரம் பவளக்கா ரேஷன் வாங்கப் போனவள் ஓடி வந்து சொன்னாள். ஏ. கடை முன்னால் பள்ளிக்கூடத்துப் பெடியள் நின்று, "அண்ணே, வூட்ல இன்னிக்குப் பேசிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடுகிறார்களாம். ஏ. பம்பைத் தூக்கிக்கொண்டு துரத்துகிறானாம்.

பவளக்காவை மூன்று தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன். மூன்றாம் தரம் அவளாகவே ஒரு குழியையும் சேற்றையும் சேர்த்துக்கொண்டாள். பரவாயில்லை, விழட்டும்.


நவம்பர் 17, ஞாயிறு

'விசர்: பைத்தியம். உதாரணம்: நல்ல சக்கரத்தைக் கோட்டம் என்பவன் விசரன்.'

'கெதியாய்: ஜல்தி.' இது பாய்க்கு அன்பளிப்பு. காலை முதல் ஆப்பரேட்டரைக் "கெதியா, கெதியா" என்று விரட்டிக்கொண்டிருக்கிறார். டிக்கெட் கிழிக்கிறவரும் பிடித்துக்கொண்டார்.

இவருக்கு எடுத்துப் போக வேண்டியது: சாரம் 1, துவாய் 1, சவுக்காரம், கால் வலிக்குத் தைலம். கடையில் சவுக்காரம் என்றால் புரியவில்லை. சாரம் என்றாலும் புரியவில்லை. சோப், கைலி. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு பேர் மனப்பாடம் செய்துதான் இங்கே உயிர் வாழ வேண்டும். அவர்கள் ஒன்றே ஒன்றைக் கற்றிருந்தால் இவர் வீட்டில் இருப்பார்.


நவம்பர் 18, திங்கள்

விழுப்புரம். இவரைச் சனிக்கிழமையே அங்கே மாற்றிவிட்டார்களாம். எனக்குச் சொன்னது இன்று காலை. பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். விக்கிரவாண்டியில் ஏறிய ஒருத்தி மல்லாட்டை (நிலக்கடலை) மூட்டையை என் காலில் வைத்துவிட்டு, "எந்தூரும்மா?" என்றாள். திண்டிவனம் என்றேன். என் வாயில் இருந்து வந்த திண்டிவனத்தை அவள் நம்பவில்லை.

கம்பிக்கு அந்தப் பக்கம் இவர். ஐந்து நிமிடம். தாடி. காலைத் தரையில் ஊன்றாமல் நிற்கிறார்.

"ஆமியைக் கொண்டு வா எண்டினம். எந்த ஆமியைச் சொல்லுறது? எல்லாருக்கும் ஒரே உடுப்பு." சிரிக்கிறார். இந்த மனுசனுக்குச் சிரிப்பு வருகிறது.

"அவன்ரை கடையை உடைச்சுப்போடுவன்" என்றேன்.

"இஞ்சேர், ஏழுமலை அண்ணையைப் பேசாத. அவருக்கு விளங்கேல்லை, பாவம். சாப்பாட்டு நேரம் எனக்கும் சேர்த்துக் கேப்பைக் களி கொண்டு வாற மனுசன்."

கேப்பைக் களி. நாலு மாதம் களி கொடுத்தவன் ஒரு நாளில் மனுசனைக் கொடுத்துவிட்டான், அதற்கும் இவர் பாவம் என்கிறார். கம்பி நடுவில் இல்லாவிட்டால் இவரையே அடித்திருப்பேன்.

வெளியே வந்து ஏட்டிடம் கேட்டேன். வெள்ளிக்கிழமை பெரிய அதிகாரி விசாரணை. புகார் கொடுத்தவர் வந்து, தான் கேட்டது இன்னது என்று சொன்னால் பார்க்கலாம். வராவிட்டால், அல்லது அதையே திரும்பச் சொன்னால், இவரைத் தூரத்தில் பூட்டு போட்ட முகாமுக்கு அனுப்பிவிடுவார்கள். குடும்பம் கூடப் போக முடியாது. எத்தனை காலத்துக்கு என்று கேட்டேன். "அது தெரியாதும்மா."

ஆக இவர் வெளியே வருவது ஏ.யின் நாக்கில் இருக்கிறது. மூன்று நாளாக நான் ஊசியால் குத்திக்கொண்டிருக்கும் அதே நாக்கு. பஸ்ஸில் அதை நினைத்தேன். பயம் வந்தது. பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாய் வந்தது.


நவம்பர் 19, செவ்வாய்

தூறல்.

பவளக்கா சொல்கிறாள்: "விட்டுடு தங்கச்சி. போய் அவன்ரை காலில விழு." எனக்கு முதுகு வளையாது. வளைந்தாலும் அவன் காலுக்கு வளையாது.

இன்றைய சிலைடு. இதற்கு மட்டும் மூன்று கண்ணாடி வீணானது.

'ஆமி: மிலிட்டரி. வயது தெரியாது. தலைமறைவு அல்ல, பகலிலேயே வருவார்.
வெடி வைத்தல்: சுடுதல்.
உதாரணம்: ஆமி வெடி வைத்தது, என் கணவர் காலில் பட்டது.'

ஆப்பரேட்டர் வழக்கத்தைவிட அதிக நேரம் நிறுத்தினார். நான் கேட்கவில்லை, அவராகவே.

முதல் வரிக்கு இரண்டு பேர் சிரித்தார்கள். பிறகு இல்லை. முன் வரிசைக்காரன் வழக்கம்போல் உரக்க வாசிக்கத் தொடங்கி, 'என் கணவர்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டான். முறுக்கு விற்கிறவர் தட்டைத் தலையில் வைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின் பெஞ்சில் ஏழெட்டுப் பேர் எங்கள் ஆட்கள். வானூர்ப் பக்கத்து முகாமில் இருந்து பஸ் பிடித்து வந்தார்களாம், எங்கள் சொல்லைத் திரையில் பார்க்க. படம் எனக்கு வேண்டாம், இடைவேளைக்கு மட்டும் டிக்கெட் உண்டா என்று ஒரு கிழவர் பாயிடம் கேட்டாராம்.

பாய் கணக்குப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். "சோடா விக்கல டீச்சரம்மா."

"மன்னியுங்கோ பாய்."

"நான் ஒன்னும் சொல்லலியே. நாளைக்கும் அதையே போடுங்க."

பெண்கள் பக்கம், எனக்கு முன் பெஞ்சில் ஏ.யின் மனைவி. மகளோடு வந்திருந்தாள். இரண்டாம் பாதி படம் பார்க்காமல் எழுந்து போய்விட்டாள். திரும்பி என்னைப் பார்த்தாளா என்று இருட்டில் தெரியவில்லை. பார்த்திருக்கட்டும்.


நவம்பர் 20, புதன்

கேட்டில் ஏ. சட்டை போட்டு, தலை வாரி, விருந்துக்கு வந்தவன் மாதிரி. பவளக்கா குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்க்க உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மா, இது நாயமா? நான் இன்னா பண்ணேன்? காதுல வுழுந்தத சொன்னேன். ஊரே என்னப் பாத்து சிரிச்சிக்கினு கீது. வாடகைக்கு வண்டி எடுக்க வர்றவன்கூட 'விசர் அண்ணே'ன்றான். பொண்ணுக்குப் பேசிக்கினு இருக்கேங்க, மாப்ள வூட்டுக்காரங்க காதுல வுழுந்தா இன்னா ஆவறது?"

"காதில விழுந்ததை அவையள் சொன்னால் உங்களுக்கு நோகுமோ?"

அவனுக்கு அது புரிந்தது. முகம் சுருங்கியது.

"வெள்ளிக்கிழமை விழுப்புரத்துக்கு வாங்கோ. ஆமி எண்டால் ஆரெண்டு சொல்லுங்கோ. சிலைடை நிப்பாட்டுறன்."

"ஐயோ, அது முடியாதுங்க. முன்ன ஒன்னு சொல்லி இப்ப ஒன்னு சொன்னா, பொய்யா எழுதிக் குடுத்தியாடான்னு என்ன உள்ள வெப்பானுங்க. எனக்கும் குடும்பம் கீதுங்க."

"எனக்கும் இருந்தது."

நின்றான். செருப்பால் சேற்றைக் கிளறினான். போய்விட்டான்.

இருந்தது என்று ஏன் சொன்னேன். இருக்கிறது.


நவம்பர் 21, வியாழன்

காலை டாக்கீஸ் பின் அறை. தனியே. கண்ணாடி துடைத்து, மை பூசி, காய வைத்து, ஊசி எடுத்தேன். இன்று உதாரணம் இல்லை, கிண்டல் இல்லை. அவன் முழுப்பேர், கடைப் பேர். மேலே ஒரே சொல்:

'காட்டிக்கொடுத்தவன்.'

கீழே, 'இந்தச் சொல்லுக்கு இரண்டு ஊரிலும் ஒரே பொருள்.'

இதுவரை எழுதியதிலேயே நல்ல எழுத்து. மகளுக்கு மாப்பிள்ளை வீடு, தெரு, பஸ் ஸ்டாண்டு, எல்லாம் இதை வாசிக்கும். இதைப் போட்டபின் அவன் விழுப்புரம் வரமாட்டான் என்று தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லை. 'காட்டி' என்பதில் டி. என் இகர வளைவின் நுனியில் ஒரு சுருள் வரும். மன்னாரில் வகுப்புப் பிள்ளைகள் அதை நத்தை என்பார்கள். 'டீச்சர் நத்தை போட்டுட்டா.' அந்தச் சுருளைச் சுரண்டும்போது கை நின்றது.

இதே சொல்லை நான் முன்பும் எழுதியிருக்கிறேன்.

இதுவரை யாருக்கும் சொல்லவில்லை, இவருக்கும். நோட்டில் எழுதிவிடுகிறேன். அங்கே, ஒரு நாள் பின்னேரம் இரண்டு பெடியள் வீட்டுக்கு வந்தார்கள். இயக்கத்துப் பெடியள். ஒருவன் என்னிடம் படித்தவன். "டீச்சர், உங்கட எழுத்து வடிவு. ஒரு மட்டை எழுதித் தாங்கோ." அட்டையும் அவர்களே கொண்டு வந்தார்கள், சொல்லையும் அவர்களே சொன்னார்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க நேரம் இருந்தது. கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்கவில்லை. அடிமட்டம் வைத்துக் கோடு போட்டேன். எழுத்துக்கு நிழல்கூடப் போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் விளக்குக் கம்பம். சுட்டுக் கட்டி வைத்திருந்தார்கள். பலசரக்குக் கடைக்காரர். கடனுக்குப் பென்சில் கொடுக்கிறவர். கழுத்தில் என் மட்டை. மனைவி கீழே நின்றாள். அழவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மட்டையை ஒவ்வொரு எழுத்தாய்ப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மற்றத் தெருவால் போய்ப் பாடம் எடுத்தேன். அன்றைக்குப் பாடம், பூச்சாடி வரைதல்.

அவர் எதையாவது காட்டிக் கொடுத்தாரா, இல்லை அவரும் யாரோ ஒருவருக்குப் புரியாத ஒரு வரியைச் சொன்னாரா? இன்று வரை தெரியாது.

சிலைடைப் பாய் கையில் கொடுக்கவில்லை. உடைக்கவும் மனம் வரவில்லை. தாளில் சுற்றி டிரங்குப் பெட்டியில், துணிக்கு அடியில். இன்றும் 'ஆமி'யே ஓடியது.

ஏ. மேல் கோபம் குறைந்ததா? இல்லை. துளியும் இல்லை. அவன் கழுத்தில் மட்டை மாட்ட மாட்டேன், அவ்வளவுதான்.


நவம்பர் 22, வெள்ளி

வந்த காலோடு எழுதுகிறேன்.

முதல் பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் ஸ்டாண்டில் ஏ. கையில் குடை. என்னைப் பார்க்காமல் தகரப் பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "வூட்ல ரெண்டு நாளா சோறு இல்ல. பேசறா. உங்க ஊர்ப் பேச்சு பேசறா. 'அந்த மனுஷன் காலப் பாத்துக்கினேதான நாலு மாசம் வேல வாங்கின, ஒரு வார்த்த திருப்பிக் கேக்கத் தெர்லியா'ன்றா. வர்றேன், வாங்க."

நான் நன்றி சொல்லவில்லை. பஸ்ஸில் அவன் முன்னால், நான் பின்னால்.

விசாரணை பத்து நிமிடம். அதிகாரி காகிதக் கட்டைப் புரட்டினார். இவரைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள்.

"ஆமிங்கறவன் எங்க?"

ஏ. துண்டைக் கையில் பிசைந்தான். "சார், ஆமின்னா ஆள் இல்லிங்க சார். மிலிட்டரிங்க. அவங்க ஊர் மிலிட்டரி. வெடி வெச்சாங்கன்னா, சுட்டுட்டாங்கன்னு அர்த்தங்க. இவர் வெக்கலிங்க, இவர் மேல பட்டுச்சுங்க. எனக்கு அப்ப தெரியாதுங்க. இப்ப திண்டிவனத்துல எல்லாருக்கும் தெரியுங்க. சினிமாலயே போட்டுட்டாங்க."

அதிகாரி காகிதக் கட்டில் இருந்த அந்த வரியை மறுபடி வாசித்தார். பிறகு சிரித்தார். நல்ல சிரிப்பு, வயிறு குலுங்க. பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அவரும் சிரித்தார். "ஆமி, வயது தெரியவில்லையாம்யா." டீ கொண்டு வந்தவரும் சிரித்தார். இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார், தாடியோடு, ஒரு காலில் நின்றுகொண்டு.

பன்னிரண்டு நாள். ஒரு சிரிப்பில் முடிந்துவிட்டது. அன்றைக்கு ஸ்டேஷனில் நான் சிரித்தபோது பேனா எடுத்தார்கள். அவர்கள் சிரித்தபோது பேனாவை மூடினார்கள்.

"போலாம். முகாம்லயே இருக்கணும், தெரியுதா?"

திரும்பும் பஸ்ஸில் இவரும் ஏ.யும் ஒரே சீட். அந்தப் பச்சை வண்டிப் பின் சக்கரத்தின் கோட்டத்தை யாராவது எடுத்தார்களா என்று இவர் கேட்கிறார். இல்ல அண்ணே, உங்களுக்குத்தான் காத்துக்கினு கீது என்கிறான் அவன். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மயிலம் குன்று வரும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.


நவம்பர் 23, சனி

இவர் பத்து மணி வரை தூங்கினார். குளிக்க வைத்தேன், தாடி எடுத்தார். காலில் வீக்கம்.

ஏ. வந்தான். தேங்காய், பழம், ஒரு தூக்குவாளியில் களி. வாசலில் நின்று என்னிடம்: "தப்பு நடந்துபோச்சு. மன்னிச்சுக்கங்க டீச்சரம்மா. மனசுல வெச்சிக்காதீங்க."

நான் பதில் சொல்வதற்குள் இவர், "அதெல்லாம் ஒண்டும் இல்லை அண்ணை, விடுங்கோ, உள்ள வாங்கோ" என்றார். பன்னிரண்டு நாளும் இவருடையதாம், இவர் விட்டுக்கொடுப்பாராம். கூரை ஒழுகியதைப் பார்த்துக்கொண்டு கிடந்த பன்னிரண்டு நாள் யாருடையது?

அவன் போனபின் சண்டை. "அவர் வந்து உண்மையைச் சொன்னவர்தானே. இன்னும் என்ன வேணும் உனக்கு?" என்றார்.

என்ன வேணும் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பன்னிரண்டு இரவு அவனும் தூங்காமல் கிடக்க வேண்டும். அது போதும்.

மத்தியானம் டாக்கீஸ். பாய் இவர் வந்த சந்தோஷத்தில் எனக்குச் சோடா உடைத்துக் கொடுத்தார். "இன்னிக்கு இன்னா சொல்லு?"

சிலைடை நிறுத்துகிறேன் என்று அன்றைக்கு ஏ.யிடம் சொன்னது நினைவு இருந்தது. முடியாது என்று அவனும் சொன்னானே, ஒப்பந்தம் அங்கேயே முறிந்தது. எழுதினேன்:

'மன்னிப்பு: முகாமில் இருப்பு இல்லை. சரக்கு வரும் தேதி தெரியாது.'

ரேஷன் கடைப் பலகை மாதிரி கட்டம் போட்டு. பாய் இரண்டு தரம் வாசித்தார். "இது தமாசா, நெசமா?"

"போடுங்கோ பாய்."

அரங்கு சிரித்தது. அதிகாரி சிரித்ததை விடக் கூட. ஏ. வந்திருந்தானா தெரியாது. நாளைக்குள் யாராவது போய்ச் சொல்லிவிடுவார்கள். ஊர் அதற்குத்தானே இருக்கிறது.


நவம்பர் 24, ஞாயிறு

மழை பிடித்துக்கொண்டது. மேட்னிக்கு ஈரக் குடைகளோடு கூட்டம். வானூர்ப் பக்கத்து ஆட்கள் இன்றும் பத்துப் பதினைந்து பேர். அதே சிலைடு இரண்டாம் நாள்.

பின் அறையில் பாத்திரக் கடைக்குப் புதுக் கண்ணாடி பூசிக்கொண்டிருந்தேன். இடைவேளை மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் பாய் கதவுக்கு வந்தார். வழக்கம்போல் உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சரம்மா, வெளிய ஒரு அம்மா நிக்குது. வானூர் முகாமாம். உங்க ஊர்ப் பேச்சுதான், மன்னார்னு சொல்லுது. நெத்தில பொட்டு இல்ல. சிலைடு எழுதினது யாருன்னு கேக்குது."

"ஏனாம்?"

"அந்த எழுத்து மேல ஒரு சுருளு போடறீங்களே, நத்தையாட்டம். அத முன்னயே ஒரு தபா பாத்துக்கீதாம்." பாய் தயங்கினார். "இன்னா சொல்லட்டும்? நீங்க இல்லன்னு சொல்லிடட்டுமா?"

திரையில் இன்னும் அந்த 'மன்னிப்பு' நிற்கும். ஆப்பரேட்டருக்கு என் சிலைடு என்றால் எடுக்க மனம் வராது.

இல்லை என்று சொல்ல வேண்டாம் என்றேன். பாய் போய்விட்டார். கையெல்லாம் கறுப்பு மை. கழுவாமலே இதை எழுதினேன். போகிறேன்.